கடன்சொல்லும் முதல் ஆங்கில அகரமுதலிகளும்

தமிழில் பிறமொழிச் சொற்களைக் கலத்தல் தகாது என்று எவரேனும் வாய்திறந்தால் போதும். அணியமாக வைத்திருந்த மறுப்பு ஒன்று உடனே வந்து நிற்கும். "ஆங்கிலத்தைப் பாருங்கள்! அஃது எல்லா மொழிகளினின்றும் அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டது, அதனாலன்றோ உலகமொழியாயிற்று! நீங்கள் கதவடைத்துக்கொண்டிருப்பதாலன்றோ தமிழ் வளரவில்லை!" என்பதே அது. மேடையிலும் தாளிகையிலும் கல்லூரி வகுப்பிலும் இதனைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது. இங்ஙனம் கூறுவார் ஆங்கிலச் சொற்களை அறிவரேயன்றி ஆங்கிலத்தின் வரலாற்றை அறியார். கடன்பட்டவன் கட்டிய மாடத்தை அண்ணாந்து பார்த்தனர். அவன் எழுதிக்கொடுத்த கடன்முறியைப் பார்த்திலர்.

அக்கடன்முறி இன்றும் இருக்கின்றது. 1604-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆங்கில அகரமுதலிகளே அது. ஆங்கிலேயன் தன் மொழிக்கு அகரமுதலி செய்யப் புகுந்தபோது முதன்முதல் எச்சொற்களைத் தொகுத்தான்? தாய், தந்தை, வீடு, நீர், அப்பம், ஏர் என்னும் தன் வீட்டுச் சொற்களையா? இல்லை. தன் மக்களுக்கு விளங்காத அயற்சொற்களையே தொகுத்தான். அவற்றுக்குப் பொருள் எழுதவே தன் வீட்டுச் சொற்களை அழைத்தான். ஆங்கில அகரமுதலி செல்வக் கணக்காகப் பிறக்கவில்லை. நோய்க்கு மருந்தாகப் பிறந்தது. நோயையே நலமென்று காட்டி நமக்கும் பரிந்துரைப்பது எவ்வகை அறிவுடைமை?

வெள்ளம் வந்த வழி

1066-ஆம் ஆண்டில் நார்மண்டித் தலைவன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பெருமக்கள் மாளிகையிலும் பிரெஞ்சு அமர்ந்தது. கோவிலிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீனம் முன்னரே அமர்ந்திருந்தது. ஆங்கிலத்திற்கு எஞ்சியவை ஏரடியும் அடுப்பங்கரையுமே. வழக்குமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்குரைக்க வேண்டுமென்று 1362-இல் ஒரு சட்டம் செய்தனர். அச்சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினர்! அடிமைக்குக் கொடுத்த விடுதலைமுறியும் ஆண்டான் மொழியிலேயே இருந்தது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் தன் வேரினின்று புதுச்சொல் ஆக்கிக்கொள்ளும் பழக்கம் அம்மொழியில் பெரிதும் தளர்ந்துபோயிற்று.

பின்னர் 16-ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியது. கிரேக்க இலத்தீன நூல்களை மொழிபெயர்க்கும் ஆர்வம் பெருகியது. நூலைப் பெயர்த்தவர் சொல்லைப் பெயர்க்கவில்லை. இலத்தீனச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டு அதனையே ஆங்கிலமென்று உலவவிட்டனர். மக்கள் வாயிற் பிறவாமல் எழுதுகோல் நுனியிற் பிறந்த அவற்றை அந்நாட்டாரே 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று எள்ளினர். தாமசு வில்சன் என்பார் 1553-இல் எழுதிய சொல்வன்மை நூலில், வேலை வேண்டி ஒருவன் எழுதியதாக ஒரு நகைமடலைப் புனைந்து, இம்மயக்கத்தைச் சந்தி சிரிக்கச் செய்தார்.

எள்ளியதோடு நில்லாமல் மாற்றும் காட்டியவர் சான் சீக். அவர் கிரேக்கம் அறியாத நாட்டுப்புறத்தார் அல்லர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் 1540-இல் அரசர் நிறுவிய கிரேக்கப் பேராசிரியப் பணியை முதன்முதல் ஏற்றவர். அரசிளங்குமரனுக்கே ஆசிரியராய் இருந்தவர். அத்தகையவர் 1557-இல் தம் நண்பர்க்கு எழுதிய மடலில், ஆங்கிலத்தைக் கலப்பின்றித் தூய்மையாக எழுதவேண்டும் என்றார். வாங்கிக்கொண்டே இருந்து திருப்பிக் கொடாத மொழி கடனில் மூழ்கிய குடும்பம்போல் நொடித்துப்போகும் என்றும் எச்சரித்தார். தமிழகத்தில் தனித்தமிழ் இயக்கம் தோன்றிய 1916-ஆம் ஆண்டிற்கு 359 ஆண்டுகள் முன்னரே, கடன்சொல்லால் வளர்ந்ததென்று நமக்குக் காட்டப்படும் அந்த ஆங்கிலத்திலேயே எழுந்த குரல் இது!

சீக் சொன்னதைச் செய்தும் காட்டினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில், உரோமப் படையின் நூற்றுவர் தலைவனுக்கு 'நூறு' என்னும் ஆங்கிலச் சொல்லடியாகவே ஒரு பெயர் ஆக்கினார். நிலவால் அறிவு திரிந்தவன் என்பதற்கு 'நிலவு' என்னும் தம் சொல்லினின்றே சொல் படைத்தார். இரால்பு இலீவர் என்பார் 1573-இல் ஏரண நூலொன்று எழுதி, 'அறிவுத்திறம்' என்று பொருள்படும் தூய ஆங்கிலப் பெயரை அக்கலைக்குச் சூட்டினார். முடிவு, மறுப்பு முதலிய குறியீடுகளையும் வீட்டுச் சொற்களாலேயே அமைத்தார்.

இம்முயற்சிகள் வெல்லவில்லை என்பது உண்மையே. அதனாலேயே அவை தவறென்று ஆகிவிடுமா? சமயப் பூசலில் சிறைப்பட்டு மனம் நொந்த சீக், மடலெழுதிய அவ்வாண்டிலேயே மறைந்தார். அவருடைய மொழிபெயர்ப்பு 1843 வரை அச்சேறவே இல்லை. மருத்துவன் இறந்தான், மருந்தும் பெட்டிக்குள் கிடந்தது, நோய் வளர்ந்தது. வளர்ந்த நோய்க்குக் கட்டுப்போட வந்ததே அகரமுதலி.

பள்ளியாசிரியர் சுமந்த சுமை

அகரமுதலி வேண்டுமென்று கேட்டவர் அரசரல்லர், பெருமக்களல்லர், பள்ளியாசிரியர். இலண்டன் பள்ளியொன்றின் தலைமையாசிரியரான இரிச்சர்டு மல்காசுட்டர் 1582-இல் தொடக்கக் கல்வி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எழுத்துமுறை காட்டுதற்கு ஏறத்தாழ 8,000 சொற்களை அதில் வரிசைப்படுத்தினார், பொருள் எழுதவில்லை. ஆங்கிலத்திற் பிறந்தனவும் அதிற் குடிபுகுந்தனவுமாகிய எல்லாச் சொற்களையும் அறிஞர் ஒருவர் திரட்டிப் பொருளெழுதித் தரவேண்டும் என்று அவர் விரும்பினார். இருவகைச் சொல்லையும் அவர் கேட்டார் என்பதைக் கருதுக. அவர்க்குப் பின் வந்தோர் அவ்விரண்டனுள் குடிபுகுந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டனர். ஏன்? மாணவர் இடறி விழுந்த இடம் அதுதான்.

1596-இல் எட்மண்டு கூட் என்னும் பள்ளியாசிரியர் தம் பாடநூலின் இறுதியில் ஏறத்தாழ 1,400 கடுஞ்சொற்களுக்குச் சுருக்கமாகப் பொருள் எழுதினார். எட்டாண்டு கழித்து, 1604-இல், இராபர்ட்டு காட்ரி என்பார் வெளியிட்ட சிறு நூலே முதல் ஆங்கில அகரமுதலியெனப் போற்றப்படுவது. காட்ரியும் பள்ளியாசிரியராய் இருந்தவர்; பின்னர்ச் சமயப் பணி ஏற்று, கொள்கை வேறுபாட்டால் அப்பணியை இழந்தவர். இலண்டனில் பள்ளியாசிரியராய் இருந்த அவர் மகன் தாமசும் நூலாக்கத்தில் துணைநின்றார். 2,543 சொற்கள் கொண்ட அந்நூலின் முதற்பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி; அஃது ஆக்சுபோர்டில் பாட்லி நூலகத்தில் உள்ளது.

அந்நூலை அவர் தொகுத்த வகையைப் பாருங்கள். ஊர் ஊராகச் சென்று மக்கள் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதவில்லை. கூட் என்பாரின் பட்டியலிற் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். 1587-இல் வந்த தாமசு தாமசு என்பாரின் இலத்தீன-ஆங்கில அகரமுதலியினின்று பல சொற்களையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீனம், பிரெஞ்சு ஆகியவற்றினின்று வாங்கிய கடுஞ்சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் கூறுவது என்று முகப்பிலேயே அறிவித்தார். பிரெஞ்சுச் சொல்லுக்கு ஓர் அடையாளமும் கிரேக்கச் சொல்லுக்கு ஓர் அடையாளமும் இட்டார். இலத்தீனத்திற்கு அடையாளமே இல்லை. இடப்புகுந்திருந்தால் ஏடெல்லாம் அடையாளமே நிறைந்திருக்கும்!

யாருக்காக இந்நூல்? பெண்டிர்க்கும் கல்வித் தேர்ச்சியில்லாத பிறர்க்கும் என்று அம்முகப்பே கூறுகின்றது. கோவிலிற் கேட்கும் அறவுரையும் கையிலெடுக்கும் நூலும் அவர்களுக்கு விளங்கவில்லை, அதனால் இவ்வுதவி. அகரவரிசையில் சொல்லைத் தேடுவது எவ்வாறு, இன்ன எழுத்தில் தொடங்குவது முதலில் இருக்கும், இன்ன எழுத்தில் தொடங்குவது கடைசியில் இருக்கும் என்பதையும் அவர் பொறுமையாகக் கற்பித்தார். முன்னுரையில், அரைநூற்றாண்டுக்கு முன் வில்சன் கூறிய குறையையே எடுத்துரைத்தார்: அயல்நாட்டு ஆங்கிலம் தேடித் தாய்மொழியை மறந்தவர் பேசுவதை, அவரைப் பெற்ற தாய்மாரே உயிரோடு வந்து கேட்டாலும் அறியமாட்டார் என்பது அதன் கருத்து.

மகன் பேச்சு தாய்க்கு விளங்கவில்லை. இடையில் நின்று பொருள் சொல்ல ஓர் அகரமுதலி வேண்டியதாயிற்று. இதுவா வளர்ச்சி? பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே எழுந்த மதிலில் வைத்த சிறு சாளரமன்றோ இது! சாளரம் வைத்த ஆசிரியரைப் போற்றுவோம். மதிலை எழுப்பியவரைப் போற்றுவது எங்ஙனம்?

வீட்டுச் சொல்லுக்குச் சாக்குறி, கள்ளச்சொல்லுக்கு இருக்கை

1616-இல் சான் புல்லோக்கர் என்னும் மருத்துவர் ஏறத்தாழ 5,000 சொற்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். பழைய ஆசிரியர் நூல்களில் மட்டும் காணப்பட்டு வழக்கு வீழ்ந்த சொற்களை அதிற் சேர்த்து, ஒவ்வொன்றற்கும் முன்னே ஓர் உடுக்குறி இட்டார். அயலிலிருந்து வந்தது நடுவீட்டில் அமர்ந்தது. மண்ணிற் பிறந்த பழஞ்சொல் நெற்றியில் சாக்குறியோடு வாயிலில் நின்றது. கடன்சொல் வெறுமனே வந்து சேர்வதில்லை. இருந்த சொல்லின் இடத்தைப் பறித்துக்கொண்டே வந்து சேர்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1623-இல் வந்த என்றி காக்கரம் என்பாரின் நூல் இன்னும் ஒருபடி சென்றது. அதன் முதற்பகுதி கடுஞ்சொல்லுக்கு எளிய பொருள் கூறுவது. இரண்டாம் பகுதியோ நேர்மாறானது. மக்கள் வழங்கும் எளிய சொல்லை முன்வைத்து, அதற்கு மாற்றாக வழங்கத்தக்க 'உயர்ந்த' கடுஞ்சொல் இதுவெனக் கற்பிப்பது! எளிதாகப் பேசுபவனை அரிதாகப் பேசப் பழக்கும் நூல் அது. அம்மை, சோறு, தண்ணீர் என்று பேசுகின்றவனிடம் சென்று, 'மாதா, அன்னம், சலம் என்று சொல். மதிப்பாய் இருக்கும்' என்று தமிழகத்தில் மணிப்பவள நடையார் செய்த வேலைக்கும் இதற்கும் யாது வேறுபாடு? நோய்க்கு மருந்தாக வந்தது, இருபதாண்டு முடிவதற்குள் நோயைப் பரப்பும் கருவியுமாயிற்று.

இவ்வகரமுதலிகளில் இருந்த சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் வழங்கியவையா எனின், அதுவும் இல்லை. இலத்தீன அகரமுதலியைத் திறந்து வைத்து, தலைச்சொல்லின் ஈற்றை மட்டும் ஆங்கில முறைக்குத் திரித்து, அருகிலிருந்த பொருளையும் உடன் பெயர்த்தெழுதிப் பக்கம் நிரப்பினர். எவரும் பேசாத, எந்நூலிலும் வாராத சொற்கள் பல இவ்வாறு ஆங்கிலச் சொல்லென்று பெயர் பெற்றன. வழங்கும் காசை எண்ணிக் கணக்கெழுத வேண்டிய கணக்கன் தானே கள்ளக்காசு அடித்தாற் போன்றது இது. ஒருவர் நூலை ஒருவர் எடுத்தாண்டதும் மிகுதி. 1656-இல் தாமசு பிளண்டு என்னும் வழக்கறிஞர் ஏறத்தாழ 11,000 சொற்கள் கொண்ட நூலை வெளியிட்டார். ஈராண்டு கழித்துப் பாவலர் மில்டனின் உடன்பிறந்தாள் மகன் எட்வர்டு பிலிப்சு, 'ஆங்கிலச் சொற்களின் புதிய உலகம்' என்ற பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். அப்'புதிய' உலகிற் பெரும்பகுதி தம் நூலினின்று திருடியதே என்று வெகுண்ட பிளண்டு, 1673-இல் அதன் பிழைகளைத் தொகுத்து ஒரு மறுப்பு நூலே எழுதினார். களவாடிய இடத்தில் பிழையையும் சேர்த்தே களவாடியதால் பிடிபட்டவர் பிலிப்சு.

இப்பிளண்டின் நிலையை எண்ணிப் பார்க்கத் தகும். இலத்தீனமும் பிரெஞ்சும் கற்றவர் அவர். இருந்தும் தம் நாட்டு நூல்களிலும் இலண்டன் கடைகளிலும் தமக்கே விளங்காத சொற்கள் நிறைந்திருந்தன என்று முன்னுரையில் அவரே எழுதினார். கற்ற வழக்கறிஞர்க்கே தம் ஊர்க்கடைத்தெரு அயல்நாடாயிற்று என்றால், கல்லாதவர் நிலையை யார் சொல்லவேண்டும்?

வீட்டுச் சொல் வீடு திரும்பியது

1702-ஆம் ஆண்டில்தான் ஒரு திருப்பம் நேர்ந்தது. சான் கெர்சி என்பார் ஆக்கியதாகக் கருதப்படும் அகரமுதலி, ஏறத்தாழ 28,000 சொற்களைத் தந்தது. மக்கள் நாள்தோறும் வழங்கும் பொதுச்சொற்களை முறைப்படச் சேர்த்தது அதுவே. காட்ரியின் நூலுக்குப்பின் 98 ஆண்டுகள் சென்றன, ஆங்கில அகரமுதலிக்குள் ஆங்கிலச் சொல் உரிமையோடு நுழைவதற்கு! அதன்பின் நேதன் பெய்லி என்னும் பள்ளியாசிரியர் 1721-இல் ஏறத்தாழ 40,000 சொற்களுக்கு வேரும் பொருளும் காட்டினார். ஆங்கிலச் சொல்லின் தொன்மையைத் தேடும் வழக்கம் அவரால் பரவியது.

பெரும்புகழ் பெற்ற சாமுவேல் சான்சன் அகரமுதலி 1755-இல் வந்தது. 1746-இல் நூல் விற்பனையாளர் கூட்டத்தாரோடு 1,500 கினிப் பொன்னுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, மூன்றாண்டில் முடிப்பதாகக் கூறி, ஒன்பதாண்டு உழைத்தார் சான்சன். நூல்களைப் படித்துக்கொண்டே வேண்டிய சொற்களைக் கரிக்கோலால் அடையாளமிட்டு, சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் குறிப்பார். துணைவர் அறுவர், அவருள் ஐவர் ஸ்காத்துலாந்தார், அவற்றைத் துண்டுத்தாளில் படியெடுப்பர். இவ்வாறு 42,773 சொற்களும் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களும் திரண்டன.

சான்சன் தூய ஆங்கிலக் கட்சியினர் அல்லர். வலைப்பின்னல் என்னும் பொருள்கொண்ட எளிய ஆங்கிலச் சொல்லுக்கு, மூன்று இலத்தீனக் கடுஞ்சொற்களால் பொருளெழுதி, இன்றளவும் நகைக்கப்படுபவர் அவர். அவரே தம் முன்னுரையில் கூறியது யாது? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆங்கிலம் தன் பழைய செருமானிய இயல்பை விட்டுப் பிரெஞ்சு அமைப்பின்பால் சாய்ந்து வருகின்றது. அதனை மீட்டல் வேண்டும். அதற்காகவே 1660-க்கு முற்பட்ட ஆசிரியர்களைக் கலங்காத ஊற்றாகக் கொண்டு மேற்கோள் திரட்டினேன் என்பதே அதன் கருத்து. மொழிபெயர்ப்பாளரே மொழியைக் கெடுப்பவர் என்றும் அவர் சாடினார். மொழி மாறாமல் நிற்காது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் மாற்றத்தை எதிர்த்துப் போராடல் கடமையென்றே எழுதினார். 'ஆங்கிலத்தைப் பார்' என்பார் இவரையும் சற்றுப் பார்த்தல் நன்று.

மறுப்புக்கு மறுப்பு

"அச்சொற்களெல்லாம் இன்று ஆங்கிலமாகிவிட்டனவே" என்பர். மரத்தில் அறைந்த ஆணியை மரம் தன்னுட் பொதிந்துகொண்டு வளரும். அதனால் ஆணி மரத்திற்கு எருவென்று ஆகுமா? ஆங்கிலச் சிறுவன் பல்லுக்கு 'டூத்து' என்று கற்கின்றான். பல்லைப் பற்றியது என்பதற்கு அதனோடு சிறிதும் தொடர்பு தோன்றாத 'டென்டல்' என்பதைத் தனியே கற்கின்றான். கண்ணுக்கு ஒரு சொல். கண்ணைப் பற்றியதற்கு முகமறியாத வேறொரு சொல். தமிழ்ச் சிறுவனுக்குப் பல் தெரிந்தால் பல் மருத்துவம் தெரியும். கண் தெரிந்தால் கண்ணோய் தெரியும். இருமடங்குச் சுமையைச் செல்வமென்று எண்ணுவார் எண்ணுக!

"உலகமொழியாயிற்றே" என்பர். காட்ரியின் நூல் வருவதற்கு நாலாண்டு முன்னர், 1600-இல், கிழக்கிந்தியக் குழும்பு அரசியின் ஆணை பெற்றது. ஆங்கிலத்தைக் கடல்கடந்து கொண்டு சென்றவை கப்பலும் வாணிகமும் பீரங்கியும் ஆட்சியும். இலத்தீன வால் நறுக்கிய சொற்கள் அல்ல.

"அப்படியாயின் எச்சொல்லையும் வாங்குதல் ஆகாதோ?" எனின், பொருளோடு வரும் பெயர் வேறு, பொருள் வீட்டிலிருக்கப் பெயரை மட்டும் வெளியில் வாங்குதல் வேறு. தமிழனின் கட்டுமரத்தை ஆங்கிலேயன் கண்டான். அவனிடம் அது இல்லை. பெயரையும் சற்றுத் திரித்து எடுத்துக்கொண்டான். இதில் இழிவில்லை. தன்னிடம் தாய் இருக்க, அவளை அழைக்க அயலானிடம் சொல் கேட்பதே இழிவு. இன்றியமையாவிடத்துக் கடன் கொள்வதைச் சீக் பெருமகனாரும் விலக்கவில்லை.

தமிழின் நிலை வேறு. இங்குச் சொற்றொகுதி, கடுஞ்சொற் பட்டியலாகத் தோன்றவில்லை. திவாகரமும் பிங்கலமும் மாந்தர், விலங்கு, மரம், இடம், செயல் எனத் தமிழன் தன் உலகத்தையே சொல்லால் வகுத்து வைத்தவை. சான்சனுக்கு 23 ஆண்டு முன்னரே, 1732-இல், இலத்தீனத்தின் மகளான இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வீரமாமுனிவர், பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட அகராதி செய்து தமிழுக்கு அளித்தார். தமிழ்ச்சொல்லுக்குத் தமிழ்வேர் காட்டும் பெரும்பணியை மொழிஞாயிறு பாவாணர் 1974-இல் அரசுத் திட்டத்தின் தலைவராக ஏற்று, 1981-இல் மறையும்வரை அதிலேயே உழைத்தார். அதன் முதற்பகுதி 1985-இல் வெளிவந்தது. ஆங்கிலம் இழந்த வேர் தமிழில் இன்னும் ஈரத்தோடு இருக்கின்றது. இருக்கும்போதே காப்பவன் அறிவாளி. பட்டபின் நீர் ஊற்றுபவன் யார்?

ஆதலின் தமிழாசிரியரும் தமிழ்மாணவரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஏரிக்கரையில் மதகு, மடை, கலிங்கு, தூம்பு என்று இன்றும் பேசும் உழவரிடம் செல்லுங்கள். பாவும் ஊடையும் அறிந்த நெசவரிடமும், காற்றுக்குக் கொண்டல் என்றும் வாடை என்றும் பெயரறிந்த மீனவரிடமும் செல்லுங்கள். அவர்தம் சொற்களை எழுதுங்கள். பாடநூலில் ஏற்றுங்கள். புதுப்பொருளுக்குப் பெயர் வேண்டுமாயின் முதலில் அங்குத் தேடுங்கள். தன் வீட்டுச் சொல் தன் அகரமுதலிக்குள் நுழைய ஆங்கிலேயன் 98 ஆண்டுகள் காத்திருந்தான். வாயிலில் உடுக்குறியோடு நிற்கும் நிலை தமிழ்ச்சொல்லுக்கு வாராமற் காப்பது நம் கையில் உள்ளது.